தாய்மாமன் குதிரையில் போன கதை

என்னோடு வேலை பார்க்கும் அம்மா ஒருவர் படிக்கக் கொடுத்த புத்தகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஐம்பது வயதுக்கு மேல் எந்தப் புது விஷயம் வந்தாலும் "சரி" என்று தலையாட்டிவிட்டு, பிறகு தான் பட்ட பாட்டையெல்லாம் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். தேனி பஸ்ஸில் அதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். அடுத்தவர் அவஸ்தையைப் படிப்பது எவ்வளவு சுகம்!

அந்த வாரமே தங்கச்சி போன் செய்தாள். உத்தமபாளையத்தில் அவள் மகளுக்குக் காதுகுத்து.

"அண்ணே, சீர் கொண்டாறப்ப குதிரையில வாறியா? இப்பல்லாம் தாய்மாமன்மாரு அப்படித்தான் வாறாக."

மாட்டு வண்டியில்கூட ஒழுங்காக உட்காரத் தெரியாதவன் நான். ஆனால் மனசு முழுக்க அந்தப் புத்தகம். "சரித்தா" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்பா, அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்தன்தான். "அவளுக்குன்னு யாரு இருக்கா" என்று புகுந்த வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும்.

குதிரையைக் கோம்பையிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். பட்டு வேட்டியோடு என்னைத் தூக்கி மேலே வைத்தார்கள். முன்னால் கொட்டுமேளம், பின்னால் சீர்த்தட்டுகளோடு என் மனைவியும் எங்கள் தெருப் பெண்களும், நடுவில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நான். மண்டப வாசலில் தங்கச்சி பிள்ளையோடு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்த நேரம் பார்த்து என் கூட்டாளி ஒருவன் சரவெடியைக் கொளுத்தினான்.

குதிரை மிரண்டு, பிடித்திருந்தவர் கையை உதறிவிட்டுக் கோம்பை ரோட்டில் ஓட்டம் எடுத்தது. வெடிச்சத்தம் கேட்காத தூரம் வந்ததும் நடக்கத் தொடங்கியது, நிற்கத்தான் இல்லை. அதன் வீடு அந்தப் பக்கம் இருக்கிறது, அது போகிறது. நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "ஐயா, நில்லுங்கய்யா" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன்.

காதுகுத்துக்கு மொபெட்டில் எதிரே வந்த சொந்தக்காரர் ஒருவர், "என்ன மாமா, மண்டபம் அங்கன இருக்கு, நீங்க இங்கிட்டுப் போறீக?" என்றார்.

"எனக்குத் தெரியும்யா! இதுகிட்டச் சொல்லு!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். வாசலில் நின்ற தங்கச்சியை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர்த் தொட்டியைக் கண்டதும் குதிரை நின்றது. இறங்கினேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், உண்மையில் விழுந்தேன். பின்னாலேயே பைக்கில் துரத்தி வந்த குதிரைக்காரர் குதிரையைத்தான் தடவிப் பார்த்தார். தக்காளி ஏற்றிப் போன வேனைக் கைகாட்டி நிறுத்தி, பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்து திரும்பினேன்.

மண்டபத்துக்குள் நுழையும்போது பத்தரை ஆகப்போகிறது. மாப்பிள்ளை வழிச் சொந்தக்காரர் ஒருவர், தன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் வருவாக. அவுக வாற வரைக்கும் எம்புள்ள காத யாரும் தொடக்கூடாது" என்று தங்கச்சி கத்திக்கொண்டிருந்தாள்.

வேட்டியெல்லாம் தக்காளிச் சாறு, ஒரு காலில் செருப்பில்லை. என்னைப் பார்த்து மண்டபமே சிரித்தது. மிச்சமிருந்த செருப்பையும் உதறிவிட்டு, அப்படியே போய் மணையில் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். என் கால்கள் இரண்டும் தாமாக ஆடின, அடக்க முடியவில்லை. காது குத்த வந்த ஆசாரி நிமிர்ந்து பார்த்தார்.

"யாராச்சும் மாமனைப் பிடிங்கப்பா. புள்ள சும்மாத்தான் இருக்கு."

தங்கச்சி வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து, என் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "எங்க அண்ணன நான் பிடிச்சுக்கிறேன், நீங்க குத்துங்க" என்றாள் ஆசாரியிடம்.