தோல்ஷாப் விறகில் வெந்த நான்கட்டாய்

எங்கள் வீட்டுப் பின்சுவர் எந்நேரமும் சூடாகவே இருக்கும். மழைக்காலத்தில் என் பள்ளிச் சீருடையை அம்மா அந்தச் சுவரில் மாட்டிவிடுவாள். காலையில் இஸ்திரி போட்டதுபோல மொடமொடவென்று இருக்கும். எல்லார் வீட்டுச் சுவரும் இப்படித்தான் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். ஒருநாள் தோழி வீட்டுச் சுவரில் சாய்ந்தபோது முதுகு ஜில்லிட்டது. பாவம், இவர்கள் வீட்டில் சமையலே நடப்பதில்லை போலிருக்கிறது என்று நினைத்து, என் டிபன் டப்பாவில் இருந்த பிஸ்கட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் பேக்கரி. பேக்கரி என்றதும் கண்ணாடிக் கதவையும் பெயர் எழுதிய கேக்கையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆம்பூர் பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் ஒற்றை ஷட்டர் கடை. பன், ரொட்டி, ரஸ்க், உப்பு பிஸ்கட், அவ்வளவுதான். கடைக்குப் பின்னால் ஓர் ஆள் தவழ்ந்து உள்ளே போகிற அளவுக்குச் செங்கல் அடுப்பு. விறகை உள்ளேயே எரித்து, தணலை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்தச் சூட்டில் தட்டுகளை வைத்து வேகவிடுவார்கள். அதை ஆறவிடக் கூடாது. ஒருமுறை முழுக்க ஆறிவிட்டால் செங்கல் விரிசல் விட்டுவிடும். மறுபடி சூடேற்ற ஒரு வண்டி விறகு வேண்டும், கொத்தனார் வேண்டும். அதனால் நல்ல நாளோ துக்கமோ, அப்பா நாலு கட்டையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் எங்கேயும் கிளம்புவார். என் காதுகுத்தின்போதுகூடப் பாதியில் எழுந்து வந்து விறகு போட்டாராம். அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் பன் இளைக்கத் தொடங்கியது. ஷூ கம்பெனி வாசல்களில் இருக்கும் டீக்கடைகளுக்குத்தான் அது பெரும்பாலும் போகும். காலையில் வேனில் வந்து இறங்கும் பெண்கள், உள்ளே போகிற அவசரத்தில் ஒரு டீயும் ஒரு பன்னும் சாப்பிடுவார்கள். விலையை ஏற்றினால் அவர்கள் டீயோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று டீக்கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். "மைதா ஏறுது, டால்டா ஏறுது, விறகு ஏறுது. பன் மட்டும் ஏறக் கூடாதாம்" என்று முனகிக்கொண்டே அப்பா மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து உருட்டினார். ஒருநாள் அம்மா இரண்டு பன்களை எடுத்துக் காதோரம் வைத்துக்கொண்டு, "இன்னாங்க, இதுக்கு ஒரு திருகாணி வச்சிக் குடுத்தா நானே மாட்டிக்கிறேன்" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

சந்தில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. மாவு மில்காரர் கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டு மூடினார். சோடாக்கடைக்காரர் வாடகை ஏற்றியதும் மூடினார். தையல்கடை அண்ணன் சொல்லிக்கொள்ளாமலேயே போய்விட்டார். அளவுக்குக் கொடுத்த என் பாவாடையும் அவரோடேயே போய்விட்டது. மூடிய ஷட்டரில் பந்தை அடித்தால் அருமையான சத்தம் வரும், திட்டவும் ஆள் இல்லை. கடைகளை மூடுவது எங்களைப் போன்ற பிள்ளைகள் விளையாடுவதற்காகச் செய்கிற ஏற்பாடு என்றே எடுத்துக்கொண்டேன்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். பைக்கில் வருவார், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, அப்பா காதில் விழும்படி அம்மாவிடம் பேசினார்.

"அக்கா, மாசம் பொறந்தா சம்பளம். பி.எஃப். இருக்கு, இ.எஸ்.ஐ. இருக்கு. இங்க இன்னா இருக்கு, நெருப்புல வெந்ததுதான் மிச்சம். பேக்கிங்ல ஒரு எடம் காலியா இருக்கு. நான் பேசிட்டேன். ரம்ஜான் லீவு முடிஞ்சி கம்பெனி தொறக்கற அன்னிக்கே சேர்ந்துடலாம்."

அப்பா முழங்கையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "சரி மச்சான்" என்றார். மிச்சமிருந்த மைதா மூட்டைகளை எடுத்துக்கொள்வதாக வாணியம்பாடி பேக்கரிக்காரர் ஒருவர் ஒத்துக்கொண்டார். இருக்கிற விறகு தீர்ந்ததும் அடுப்பை ஆறவிடுவது என்று முடிவாயிற்று. அம்மா சமையலறையில் சத்தமில்லாமல் அழுதாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். கம்பெனிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் பளபளவென்று ஷூ போட்டு வருவார்கள். எனக்கும் ஒன்று வரும் என்று தோழியிடம் சொல்லியும்விட்டேன்.

அதற்கு முட்டுக்கட்டையாக வந்து சேர்ந்தவர் எதிர்வீட்டுக் காலா. உருதுவில் காலா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி. சந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் காலாதான். அவருடைய வீட்டுக்காரரான பாய், தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அதை நாங்கள் தோல்ஷாப் என்போம். நோன்பு பாதி கடந்திருந்தது. ஒருநாள் காலையில் காலா, துணி போட்டு மூடிய தட்டோடு தெருவைத் தாண்டி வந்தார். மைதா, சர்க்கரை, டால்டா எல்லாம் வீட்டிலேயே பிசைந்து, அழகாக உருட்டி, நடுவில் ஒவ்வொரு முந்திரியாகப் பதித்திருந்தார்.

"தம்பி, பெருநாளுக்கு நான்கட்டாய் பிஸ்கட்டு. அடுப்பு ஆறதுக்கு முன்னாடி இத வச்சிக் குடுங்க. கூலி வாங்கிக்கணும்."

சூடான அடுப்பு சும்மாதான் கிடந்தது. அப்பா வைத்துக் கொடுத்தார். மறுநாள் அடுத்த வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. சூடு போதவில்லை, அப்பா இரண்டு கட்டை போட்டார். அதற்கு மறுநாள் கோடி வீட்டிலிருந்து ஒன்று. ஒருநாள் விட்டு ஒருநாள்கூடக் கிடையாது, தினமும் ஒன்று. பெருநாளுக்காகக் கேட்கிறவர்களிடம் முடியாது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று தினமும் சொல்லிக்கொண்டார். எனக்குத்தான் எரிச்சல். காலாவிடமே போய் நின்றேன்.

"காலா, எல்லாரும் ஒரே நாள்ல கொண்டாந்தா அப்பாவுக்குச் சீக்கிரம் முடிஞ்சிடும் இல்ல?"

"அவங்கவங்களுக்கு எப்போ தோதோ அப்போதான கண்ணு" என்று அவர் என் பின்னலைச் சரிசெய்து அனுப்பிவிட்டார். இந்தப் பெண்களுக்கு ஒரு திட்டமும் கிடையாது என்று முடிவு கட்டினேன்.

விறகு தீர்ந்தது. அப்பா காலாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "விறகுத்தொட்டில இப்ப விக்கிற வெலைக்கு இனிமே வாங்கறதா இல்லக்கா. மன்னிச்சிக்கோங்க." அன்று சாயங்காலமே பாய் ஒரு மூன்று சக்கர வண்டி நிறைய விறகைக் கொண்டுவந்து இறக்கினார். தோல்ஷாப்பில் தோலை ஊறப்போட்டுச் சுழற்றுகிற பெரிய மர டிரம் ஒன்றைப் பிரித்துப்போட்டிருந்தார்களாம். கேட்டு வாங்கி வந்துவிட்டார். கறுத்துப்போன, கனமான பலகைகள். அப்பா ஒன்றைத் தட்டிப் பார்த்தார். பாய் முகர்ந்து பார்த்தார். அம்மாவும் வந்து பார்த்து, "நல்ல வைரம் பாஞ்ச மரம்" என்றாள். மூவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. பெருநாள் நெருங்கிவிட்டதால் அடுத்த நாள் தட்டுகள் கூட்டமாக வந்தன. அடுப்பு கணகணவென்று எரிந்தது. சந்தில் பாதி வீடுகளின் நான்கட்டாய் பொன்னிறமாக வெந்து வீடு திரும்பியது. எனக்கும் இரண்டு கிடைத்தது. பிரமாதமாக இருந்தது.

பெங்களூரிலிருந்து காலாவின் மகள், மாமியார் வீட்டு ஜனங்களோடு வந்திருந்தாள். பெரியவர்களுக்கு நோன்பு. நோன்பு இல்லாத பேரன், நாலு வயது வாண்டு, ஒன்றை எடுத்துக் கடித்தான். துப்பினான். அவர்கள் பாஷையில் உரக்க ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று நான் கேட்டதற்குக் காலாவின் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஷூ நாத்தம் வருதாம்" என்றாள். சம்பந்தியம்மாள் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, மெதுவாகத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

தோல் வாடை என்று ஒன்று இருப்பதே எங்கள் ஊர் மூக்குகளுக்கு மறந்துபோயிருந்தது. டிரம்மில் வருடக்கணக்காக ஊறிய வாடை முழுவதும் புகையாகி, பிஸ்கட்டில் இறங்கியிருக்கிறது. சந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்ல வெளியூரிலிருந்து ஒரு மூக்கு வரவேண்டியிருந்தது.

பாய் வந்து வாசலில் நின்றார். "தோல்ஷாப்ல எவ்ளோ மருந்து போடுவாங்கன்னு தெரிஞ்சும் கொண்டாந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "எரிச்சது நான், பாய்." பிறகு என்னை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், நடந்ததைச் சொல்லி, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் திரும்ப வாங்கினார். யாரும் சாப்பிடக் கூடாது என்று சாக்கில் கட்டினார். மறுநாள் பெருநாள். அத்தனை வீட்டிலும் மைதாவும் முந்திரியும் தீர்ந்திருந்தன.

அப்பா அதிகம் யோசிக்கவில்லை. வாணியம்பாடிக்குப் போகவேண்டிய மூட்டையின் வாயைப் பிரித்தார். அடுப்பைச் சாம்பல் இல்லாமல் வழித்தெடுத்து, விறகுத்தொட்டியில் விலை பேசாமல் சவுக்குக் கட்டை வாங்கிவந்து, வாடை போகும்வரை வெறும் அடுப்பை எரித்தார். மாவு பிசைய அம்மா, உருட்டக் காலாவும் தெருப் பெண்களும், முந்திரி பதிக்க நான். நோன்பு திறக்கிற நேரத்துக்குள் எல்லார் தட்டும் நிறைந்துவிட்டது. முதல் பிஸ்கட்டை அந்தப் பெங்களூர் வாண்டிடம் நீட்டிவிட்டு, பரீட்சை எழுதினவர்கள் மாதிரி எல்லாரும் அவன் வாயையே பார்த்தோம். அவன் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான்.

அதற்குள் சேதி கேட்டு மாமா வந்துவிட்டார். "வித்த மூட்டைய எவனாவது பிரிப்பானா? சரியான பேஜார்" என்று குதித்தார். அப்பா முகம் சிவந்து, வியர்வை வழிய, கதவோரமாக நின்றார். அவ்வளவு நாளும் கண்ணாடியில் பார்த்தால்கூடத் தலையைக் குனிந்துகொண்டிருந்த மனிதர், அன்று நிமிர்ந்து நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, ஷூ போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

இப்போது அந்த அடுப்பில் ரம்ஜானுக்கு நான்கட்டாய் வேகிறது, கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் வேகிறது, தீபாவளிக்கு அம்மாவே கண்டுபிடித்த கேழ்வரகு பிஸ்கட் வேகிறது. மாவும் சர்க்கரையும் வீட்டுக்காரர்களுடையது, சூடும் கைவேலையும் அப்பாவுடையது. விலை ஏறினால் ஒருத்தர் தலையில் மொத்தமாக விழாமல் எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விழுகிறது. பன்னையும் அப்பா பழைய அளவுக்கே கொண்டுவந்து, விலையைத் துணிந்து ஏற்றிவிட்டார். கம்பெனிப் பெண்கள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். பிறகு ஒன்றை வாங்கி இருவராகப் பிட்டுச் சாப்பிட்டார்கள். மாவு மில் இருந்த இடத்தில்கூட ஒரு பெண் இட்லி மாவுக்கடை திறந்திருக்கிறாள். இதெல்லாம் நடக்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும்தான்.

அந்த வருடம் ரம்ஜான் லீவு முடிந்து கம்பெனி திறக்கிற நாள் வந்தது. அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மாமா பைக்கை அணைக்காமல் காத்திருந்தார். அடுப்பில் முந்தைய நாள் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது. நான் பள்ளிக்கூடப் பையோடு படியில் நின்று, மாமா வண்டியில் அப்பா ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. துணி போட்ட தட்டோடு காலா தெருவைத் தாண்டி வந்தார். அவர் பின்னால் அடுத்த வீட்டு அக்கா, இடுப்பில் ஒரு தட்டு, கையில் சவுக்குக் கட்டு. அவருக்கும் பின்னால் கோடி வீட்டிலிருந்து இன்னொருவர்.

"பெருநாள்தான் முடிஞ்சிபோச்சே காலா" என்றேன். "உங்க வீட்டு விருந்தாளிங்களும் ஊருக்குப் போய்ட்டாங்க. யாருக்கு இவ்ளோ?"

காலா தட்டை அப்பாவிடம் நீட்டினார். "தம்பி, கூலிய இன்னும் கொஞ்சம் ஏத்தி வாங்குங்க. கம்மியா வாங்கினா நாங்க வர மாட்டோம்."

அப்பா தட்டைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சவுக்குக் கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மாமா பைக்கை அணைத்தார்.

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. காலா வீட்டில் மிச்சமிருந்தவர்கள் அவரும் பாயும் மட்டும்தான், அதிலும் பாய்க்குச் சர்க்கரை வியாதி. அத்தனை பிஸ்கட்டை யார்தான் தின்பார்கள் என்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.