வயல் நாயும் என் சாவணமும்

கல்முனைக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. அங்குள்ள வாடியில், அதாவது காவல் குடிசையில், ஒரு செவலை நாயும் உண்டு. அது யாருடைய நாய் என்று கேட்டால் என் கணவருக்குக் கோபம் வரும்.

"அது வயல்ட நாய் புள்ள, நம்மட இல்ல" என்பார்.

வயல் காவலுக்கு நாய் வைக்க எங்கள் இஸ்லாம் மார்க்கத்தில் இடமிருக்கிறது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஊர் என்ன சொல்லுமோ என்று, நாய் தானாக வந்து குடியேறியது போலவே கதைப்பார். அந்தக் குடியேறிக்குத்தான் வெள்ளிக்கிழமைகளில் என் சட்டியிலிருந்து எலும்பு போனது.

ஒருநாள் நான் புருவம் திருத்தும் சாவணத்தைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினேன். மறுநாள் சாப்பாடு கொண்டு வயலுக்குப் போனால், இரண்டு கையிலும் சொப்பிங் பேக்கைச் சுற்றிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மனிதர் நாயின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருக்கிறார். என் சாவணத்தால்!

பிடுங்கியதை அவர் நசுக்கவில்லை. நசுக்கினால் இரத்தம் சாரத்தில் தெறிக்கும், அஸர் தொழுகைக்கு உடுப்பு மாற்ற வேண்டும். அதனால் ஒவ்வொன்றையும் உயிரோடு, பத்திரமாகப் பக்கத்து வைக்கோலில் இறக்கிவிட்டார். பிறகு வாய்க்காலில் கையை ஏழு தரம் கழுவினார், அதில் ஒரு தரம் மண் கரைத்து. நாயின் ஈரம் பட்டால் எங்களுக்கு அதுதான் முறை. பட்டதோ இல்லையோ, பேணுதலுக்கு அவர் கழுவிவிடுவார்.

நான் சிரித்துவிட்டு வந்தேன். அந்த வைக்கோலில்தான் நாய் படுக்கிறது என்பது என் மண்டையிலும் ஏறவில்லை.

அறுவடைக்குக் கொஞ்ச நாள் முன்பு நாய் சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. இரண்டாம் நாள் எழும்பவே இல்லை. பல் முரசெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. கணவர் வீட்டுக்கு வந்தும் சாப்பிட உட்காரவில்லை.

"நம்மட நாய் மௌத்தாகிரும் போல இரிக்கி புள்ள" என்றார்.

நாய் சாகக் கிடக்கையில், 'நம்மட'வா என்று கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

உழவு மெஷின் பெட்டியில் சாக்கு விரித்து நாயைக் கிடத்தி, கடைத்தெரு முழுக்கப் பார்த்திருக்க, மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வைத்தியர் திருக்கோவில் பக்கத்து இளம்பெண். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உண்ணியால் வந்த காய்ச்சல், பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிடுங்கிய உண்ணிகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கணவர் தம் சுத்தபத்தத்தை ஒன்றுவிடாமல் விளக்கினார். வைத்தியர் எங்கள் வழக்கப்படியே அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னார்:

"வைக்கோல்ல விட்டா அது முட்டை போட்டுப் பெருகும். குஞ்சு திரும்ப நாயிலதான் ஏறும். நீங்க உண்ணி பிடுங்கல்ல காக்கா, உண்ணி வளத்திருக்கிறீங்க."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அன்றே அந்த வைக்கோலை எரித்தார். வாடியைக் கூட்டிக் கழுவினார். பிடுங்கும் உண்ணியைப் போட மூடியுள்ள போத்தலில் ஸ்பிரிட் வந்தது. உண்ணி ஏறாமலிருக்க மாதம் ஒரு மருந்து என்று கலண்டரில் வட்டம் போட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தால் பனடோல் வாங்க மறக்கிறவர், நாய்க்கு மணி பார்த்து, வைத்தியர் தந்த குளிசையை ஈரல் துண்டில் ஒளித்துக் கொடுத்தார். முதல் சில நாட்கள் நாய் ஈரலையும் துப்பியது. அவர் திரும்ப எடுத்துத் திரும்பக் கொடுத்தார்.

ஒரு பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுழூ செய்துவிட்டு வாடிப்பக்கம் வந்தார். நாய் எழும்பியது. தள்ளாடித் தள்ளாடி வந்து அவர் உள்ளங்கையை நக்கியது. வேறு நாளென்றால் துள்ளி விலகியிருப்பார். அன்று கையை எடுக்கவில்லை. அது நக்கி முடிக்கும்வரை குனிந்தபடியே நின்றார்.

பிறகு வாய்க்காலில் இறங்கி, ஒரு பிடி மண் அள்ளிக் கையைக் கழுவினார். நான் வரம்பில் நின்று எண்ணினேன். ஏழு முடிந்தும் மனிதர் கரையேறவில்லை. முகத்தைக் கழுவினார், திரும்பவும் கழுவினார். நாய் அவர் முகத்தை நக்கவில்லை. கண் சிவந்து கரையேறியவரிடம், முகம் துடைக்க என் முந்தானையை நீட்டினேன்.