சுகமா என்று கேட்டவள்

பிரசவ வார்டில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். பிள்ளை பெற்று அசந்து கிடப்பவளிடம்கூட ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பிரசவத்தில் தாய்மார்களுக்கு எவ்வளவு திருப்தி என்று பல நாடுகளில் ஒரே சமயத்தில் ஆய்வு நடந்தது. இந்த ஆஸ்பத்திரிக்கு இவள்தான் ஆள். ஆங்கிலத்தில் வந்த கேள்விகளைத் தமிழாக்கியதும் இவளே. ‘திருப்தியா’ என்றால் சாப்பிட்டு எழுந்தவளைக் கேட்பது மாதிரி இருக்கிறது என்று, முதல் கேள்வியை ‘பிரசவம் சுகமாக இருந்ததா?’ என்று மாற்றித் தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டாள்.

கேட்ட இடமெல்லாம் சுகம், சுகம் என்றே பதில். எல்லா நாடுகளையும்விட நாம்தான் முதல் என்று, இங்கே ஆய்வை நடத்திய டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாநாட்டில் பேசப் பெட்டி கட்டியாகிவிட்டது. கேள்விக்காரிக்கு வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. வீட்டில் கணவன் அவளை ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

அந்த வாரம் அவள் நாத்தனாருக்கே அங்கே பெண் குழந்தை பிறந்தது. முதல் கேள்விக்கு நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டே, “சுகந்தான் அண்ணி” என்றாள். பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் ஆனவள். தங்கமான நர்சுகள், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்கள் என்று வாய் ஓயாமல் புகழ்ந்தாள். கேள்வியைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கி, சுகமில்லை என்றாள்.

“இவ்வளவு புகழ்ந்துட்டு ஏம்மா இப்படிச் சொல்ற?”

“ஆபரேஷன் பண்ணி எடுத்ததை எப்படிங்க சுகப்பிரசவம்னு சொல்றது?”

கேள்விக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கத்தி வைத்தார்களா இல்லையா என்பதைத்தான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறாள்! இங்கே ஆபரேஷன் குறைவு, அதனால் முதலிடம். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம், திறந்தால் அதோகதி. ஆனால் நாத்தனார் சுவரைப் பார்த்த பார்வை நெஞ்சை உறுத்தியது. போய்ச் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு, ஒரே வார்த்தை நம் காலை வாரிவிட்டதே என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லோரையும் மறுபடி கேட்கச் சொன்னார். வேலைப் பேச்சை எடுக்கவே இல்லை.

கேள்விக்காரி முதலில் நாத்தனாரிடம்தான் போனாள்.

“வலி வந்தப்ப உன்னை எப்படிப் பாத்துக்கிட்டாங்க?”

நாத்தனார் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“ராத்திரி ஷிப்ட்ல இருந்தவங்க கத்தாதேன்னு அதட்டினாங்க அண்ணி. ஒருத்தர்கூடக் கையைப் பிடிக்கல.”

கேள்விக்காரி பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பப் பிடிச்சு என்ன, பிள்ளைதான் வந்தாச்சே” என்று நாத்தனார் சிரித்தாள். சிரித்தாளே தவிர, கையை விடவில்லை.