பெரிய கங்காணியின் கை

1912ஆம் வருஷம், இலங்கையில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி. மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி வேலை பழக யார் வந்தாலும், முதல் மாதம் வாந்திபேதி வார்டில் உதவியாளன் அழகையாவிடம்தான் குப்பை கொட்ட வேண்டும். வாசலில் கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீர் பேசின் இருக்கும். அதில் கை கழுவாமல் எவனும் வெளியே கால் வைக்கக்கூடாது. மறந்தவனை வறுத்தெடுத்துவிடுவான். தொரையே வந்தாலும் விடமாட்டேன் என்று மார்தட்டுவான். வாய்ப்பேச்சுக்கு என்ன குறைச்சல்!

அந்த வெள்ளிக்கிழமை, தோட்டத்துக் கூலிகளையெல்லாம் கட்டி மேய்க்கும் பெரிய கங்காணி, வார்டில் கிடந்த மனைவியைப் பார்க்க வந்தார். அழகையாவின் அப்பனைத் திருச்சிப் பக்கத்திலிருந்து கூலிவேலைக்குக் கூட்டிவந்தவர் அவர். மனைவி வாந்தியெடுக்க, அவள் வாயைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு வெளியே நடந்தார். அழகையா தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். கை கழுவச் சொல்ல வேண்டும். ஆனால் கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பயல் ஒருவன், கங்காணியைப் பார்த்து உங்கள் கை சுத்தமில்லை என்பதா? அவர் போக வழிவிட்டு, பேசினைத் தானே ஓரமாக நகர்த்தினான் பாவி. வேலை பழக வந்த ஜுனைதீன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று சாயங்காலம் லயத்துக் கோயிலில் மாரியம்மனுக்குப் பொங்கல். ஒவ்வொருவர் கையிலும் பெரிய கங்காணிதான் பொங்கலை உருட்டி வைப்பார், அது வழக்கம்.

"இன்னும் நேரம் இருக்கு. போய்ச் சொல்லிடுங்கண்ணே," என்றான் ஜுனைதீன்.

அழகையா ஓடினான். வரிசையில் நின்றான். முறை வந்து கங்காணியின் முகத்தைப் பார்த்ததும், சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கை மட்டும் நீண்டது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு லயத்துக்குப் பின்னால் போய்ப் பொங்கலைச் சாக்கடைக் கானுக்குள் போட்டுவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். திரும்பி வந்தபோது, வரிசையில் அவனுக்கு அடுத்து நின்ற பெரியாயியின் மகள் லெட்சுமி, ஆறு வயசுப் பிள்ளை, விரல்களை நக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தும் அவன் வாய் திறக்கவில்லை. சீ, இவனும் ஒரு மனுஷனா!

மூன்றாம் நாள் ஒன்பது பேரை வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். லெட்சுமி பிழைக்கவில்லை.

அழுது ஓய்ந்த பெரியாயி, வெளியே போகும்போது அழகையாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ளைக்கு முன்னால நின்னு நீங்களும் வாங்குனீங்களேண்ணே. ஆத்தா உங்களையாவது காப்பாத்துனாளே, அது போதும்."

அழகையாவுக்கு உயிரோடு நிற்பதே வெட்கமாக இருந்தது. ஜுனைதீன் பக்கத்தில்தான் நின்றான். அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் அதே வார்டில் வேலை செய்தான் அழகையா. பழக வந்த யாருக்கும் அவன் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.