ஆசாரி கைக்குக் காவல்

தாய்ப் பொன்னிலும் தட்டான் மாப்பொன் எடுப்பான் என்று ஒரு சொல் உண்டு. பெற்றவள் கொடுத்த பொன்னிலேயே கிள்ளுகிறவன், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கொண்டுபோகும் பொன்னைச் சும்மா விடுவானா? விடமாட்டான் என்பதில் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் இரண்டாம் பேச்சே கிடையாது. ரெங்கம்மாவுக்குக் காவல் உத்தியோகம் கிடைத்ததும் இதனால்தான்.

வாரத்தில் ஆறு நாள் விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கடைவீதியில் சொக்கலிங்க ஆசாரியின் பட்டறையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லயத்தில் யார் பழைய நகையை அழித்துப் புதுசு செய்தாலும், சொந்தக்காரரோடு ரெங்கம்மாவும் பஸ் ஏறுவாள். பஸ் காசும் தேத்தண்ணியும் இரண்டு வடையும் அவர்கள் பொறுப்பு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரிக்குத் துணையாகப் போனவள், எழுபத்தெட்டு வரை பன்னிரண்டு வருஷம் அந்தப் பலகையை விடவில்லை.

அவள் காவல் சும்மா காவல் அல்ல. ஆசாரி வெற்றிலை போடக் கூடாது, எச்சிலோடு பொன் வெளியே போய்விடும். தலையைச் சொறியக் கூடாது, மயிருக்குள் பொன் ஒளியும். வேலை முடிந்ததும் நகக்கண்ணை ஈர்க்குச்சியால் அவளே நோண்டிப் பார்ப்பாள். ஊதுகுழலைத் தலைகீழாகத் தட்டிப் பார்ப்பாள். அவர் கொல்லைப்பக்கம் போக வேண்டுமென்றால் மடியில் விரித்திருக்கும் தோலை உதறிக் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மனுஷன் அத்தனைக்கும் உட்பட்டார். வேறு என்ன செய்வார்? பூனாகலை லயங்கள் போனால் அவர் பிழைப்பில் பாதி போய்விடும்.

பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தொழிலில் பாதி மனப்பாடம். பொன் உருகும்போது வெண்காரம் போட்டால் அழுக்கெல்லாம் ஒதுங்கும். கம்பியைத் துளைத்தகட்டில் இழுக்கும்போது நடுநடுவே சூடு காட்டாவிட்டால் பட்டென்று அறுந்துபோகும். பற்றவைத்துக் கறுத்த நகையைப் புளித்தண்ணியில் கொதிக்க விட்டால் வெளுக்கும். இதையெல்லாம் லயத்தில் போய்ச் சொல்வாள், அவளே ஊதுகுழல் பிடித்த மாதிரி. ஒரு விஷயத்தில் மட்டும் ஆசாரியோடு தீராத வழக்கு.

"பத்த வைக்கிற பொடியில ஏன் செம்பும் வெள்ளியும் கலக்குறீங்க?"

"நகை உருகுறதுக்கு முன்னாடி பொடி உருகணும் அக்கா. நகையும் பொடியும் ஒரே பொன்னா இருந்தா ரெண்டும் சேர்ந்து உருகி ஒரே உருண்டையாப் போயிரும்."

"அது உங்க நியாயம்."

இத்தனை வருஷத்தில் ஒரு தோட்டிலும், ஒரு மூக்குத்தியிலும் எடை குறைந்ததில்லை. கொடுத்த நிறைக்குத் திரும்பி வந்தது. "நான் உக்காந்தா குன்றிமணி குறையாது" என்று ரெங்கம்மா சொன்னால் மறுத்துப் பேச ஆள் இல்லை. அந்தப் பெருமையில் அவள் கொஞ்சம் உயர்ந்தே நடந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

எழுபத்தெட்டில் அவள் மகள் பாக்கியலெட்சுமிக்கு அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சம்பந்தம் கூடியது. பையனின் தாய் நல்லம்மா வாயில் அரிசி போட்டால் பொரியும். பெண்ணுக்கு என்ன போடுவீர்கள் என்று அவள் கேட்டதும், ரெங்கம்மா மாமியார் விட்டுப்போன ஒரு ஜோடிக் காதுத் தண்டட்டியை நினைத்து, "மூணு பவுன்ல சங்கிலி" என்று சொல்லிவிட்டாள். அவள் புருஷன் இராமையா, "நிறுத்துப் பாத்துட்டுச் சொல்லலாமே" என்று முனகினான். "நிறுத்தாச்சு. மூணு பவுன். எனக்கே பொன்னு சொல்லித் தர்றீங்களா?" என்று அவனை அடக்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் சொந்தப் பொன்னுக்குத் தானே காவலாகப் பலகையில் உட்கார்ந்தாள். ஆசாரி தண்டட்டியைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"இதுல அரக்கு இருக்கு அக்கா."

"தெரியும். நகக்கண்ணு அளவு இருக்கும்னு மாமியா சொல்லியிருக்கு."

அவர் உளியால் தட்டிப் பிளந்தார். உள்ளே கறுப்பாக அரக்கு. நகக்கண் அளவா? இரண்டு தண்டட்டி வயிறும் நிறைய அரக்கு. மேலே போர்த்தியிருந்தது மெல்லிய பொன் தகடு. உமிச்சட்டி நெருப்பில் காட்டியதும் பட்டறை முழுக்க அரக்கு நாற்றம். மிச்சமிருந்த தகட்டை மூசைக் கிண்ணத்தில் போட்டு, வெண்காரம் தூவி உருக்கி, கட்டியாக்கித் தராசில் வைத்தார். இரண்டேகால் பவுன்.

சொன்னதற்கு முக்கால் பவுன் குறைவு. ரெங்கம்மா உடனே கையைக் காட்டுங்கள் என்றாள். காட்டினார். வாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தார். நகம், ஊதுகுழல், மடித்தோல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை. இருக்காது என்று அவளுக்கே தெரியும். அவர் கையை விட்டுத்தான் அவள் கண் ஒரு இமைப்பொழுதும் நகரவில்லையே. தோட்டத்தில் வேறு யார் பொன்னாக இருந்தாலும் இந்நேரம் தெருவே கூடியிருக்கும். இது அவள் பொன், அவள் காவல். வாய் திறக்க வழியில்லை.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"ஏன் ஆசாரியாரே, மத்தவங்க தோட்டுலயும் பழைய பொடி, அழுக்கெல்லாம் இருக்கும்ல? அதுவும் உருக்குனா கருகிப் போகும்ல? அதெல்லாம் எப்படிங்க சரியா வந்துச்சு?"

ஆசாரி அரத்தைக் கீழே வைத்தார்.

"நாலு குன்றிமணி குறையும். அஞ்சு குறையும். குறைஞ்சா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது ஊருக்கே தெரியும்.

முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தகர டப்பாவை அவர் திறந்து காட்டினார். வெண்காரப் பொடியில் பொன் துகள் கலந்து கிடந்தது. "குறையுற அளவுக்கு இதுல இருந்து ஒரு சிட்டிகை போட்டுருவேன். நீங்க வெளிய வர்ற கையைத்தான் பாப்பீங்க. உள்ள போற கையை யாரு பாக்குறா?"

"உங்களுக்கு ஏது இவ்வளவு பொன்னு?"

"தரையில இருந்து. அரத்துல ராவுன தூள் எல்லாம் மடியில விழுமா? வருஷத்துக்கு ஒருக்கா தரையைக் கூட்டி, எரிச்சு, கழுவி எடுப்பேன்."

"அப்ப எங்க பொன்னைத்தான் எடுத்தீங்க."

"எடுத்தேன். உங்களுக்கேதான் வச்சேன். கணக்கு என்கிட்ட இல்லை, சாமிகிட்ட இருக்கு." பிறகு அரக்குக் கட்டியைத் தள்ளி வைத்தார். "ஆனா முக்கால் பவுனுக்கு இந்த டப்பா காணாது அக்கா. இருந்தா போட்டிருப்பேன்."

திட்டவா கும்பிடவா என்று அவளுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் திருட்டைத் தடுத்தவள் என்று பேர் வாங்கியவள், தரையில் நடந்த திருட்டையும் பார்க்கவில்லை, மூசையில் நடந்த தர்மத்தையும் பார்க்கவில்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதாள். வீட்டில் இராமையா, அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக் காட்டவில்லை. அந்த மனுஷனுக்கு அந்த நல்ல குணம் உண்டு.

சம்பந்தி வீட்டுக்கு அரக்கு விஷயத்தை உள்ளபடி சொல்லிவிடுவது என்று போனாள். நல்லம்மா முழுசாகக் கேட்டாள்.

"உருக்கும்போது யாரு காவல் இருந்தா?"

"நான்தாங்க."

"உங்க பொன்னுக்கு நீங்களே காவலா? கூட வேற யாரு?"

"ஆசாரி."

கதவோரம் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ரெங்கம்மா சாட்சிக்குக் கூப்பிடுவது தட்டானை! பன்னிரண்டு வருஷமாக அந்த மனுஷன் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தவள், இன்றைக்கு அவர் வாய்ச்சொல்லை நம்பச் சொல்கிறாள். முக்கால் பவுனை இவளும் ஆசாரியும் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று வாசலிலேயே ஒருத்தி சொன்னாள். ரெங்கம்மா காதில் அது விழுந்தது. தான் எத்தனை பேரை இப்படிச் சொல்லியிருக்கிறோம் என்று அவள் நினைக்காமல் இருந்திருக்க முடியாது.

"மூணுன்னா மூணு வரணும்" என்றாள் நல்லம்மா. "இல்லாட்டி முகூர்த்தத்தைத் தள்ளி வச்சிருவோம். இந்தத் தடவை நானே உக்காருறேன்."

தள்ளி வைத்த முகூர்த்தம் திரும்பி வந்ததாக அந்த மலையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ரெங்கம்மா தன் காதிலிருந்த தோட்டைக் கழற்றினாள். இராமையா கலியாணத்தில் போட்ட முக்கால் பவுன் தோடு. ஓட்டை தூர்ந்துவிடாமல் இரண்டு ஈர்க்குத் துண்டைச் செருகிக்கொண்டு பதுளைக்குப் போனாள்.

பலகையில் நல்லம்மா உட்கார்ந்தாள். ரெங்கம்மாவுக்கு வாசல்படிதான். ஆசாரி வெற்றிலையைத் துப்பினார், நகத்தைக் காட்டினார், ஊதுகுழலைத் தட்டினார். நல்லம்மா கண் அவர் கையிலேயே இருந்தது. கட்டியோடு தோடும் மூசைக்குள் போனது. இதில் நாலு குன்றிமணி குறையும் என்று ரெங்கம்மாவுக்கு இப்போது தெரியும்.

ஆசாரி வெண்காரம் எடுக்கிறவர் போல முழங்காலுக்குப் பக்கத்து டப்பாவைத் திறந்தார். ஒரு சிட்டிகை. மூசைக்குள் போட்டார். வெறுங்கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினார். நல்லம்மா அந்தக் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ரெங்கம்மா உள்ளே போன கையைப் பார்த்தாள்.

உருகிய பொன் கட்டியாகித் தராசில் ஏறியது. மூன்று பவுன்.

"பாத்தீங்களா சம்பந்தியம்மா?" என்றாள் நல்லம்மா. "கண்ணு உள்ள ஆளு உக்காந்தா பொன்னு எங்க போகும்?"

ஆசாரி நிமிர்ந்து வாசல்படியைப் பார்த்தார். ரெங்கம்மா வாயைத் திறந்தாள். பாக்கியலெட்சுமியை நினைத்தாள். காதில் ஈர்க்குத் துண்டு குத்தியது.

"ஆமாங்க" என்றாள். "உங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுங்க."