மாம்பலத்துக்கு வராத வண்டி

"முடிச்சுக் காட்டுட்டி. ஒரு வருசத்துக்கு நான் வாயத் தொறக்க மாட்டேன். முடிக்கலன்னா திங்கக்கிழமையே கடைக்கு வந்துரணும், பாத்துக்க."

இதுதான் அப்பா வைத்த பந்தயம். தி.நகரில் எங்களுக்குத் துணிக்கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் அவர் பேச்சு மட்டும் இன்னும் ஊரிலேயே இருக்கிறது. அவர் கேட்டதில் தப்பு சொல்லவும் வழியில்லை. நான் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் நாலு கேம் ஆரம்பித்தேன், நாலும் பாதியில் நின்றன. சொந்தக்காரர்கள் விசாரித்தால், "வீட்டுலதான் இருக்கா, ஏதோ கேம் வெளாடுதா" என்பாள் அம்மா. விளையாடவில்லை அம்மா, செய்கிறேன் என்று கத்தலாம் போல இருக்கும்.

அப்போதுதான் கேம் ஜாம் என்று ஒரு போட்டி வந்தது; அப்பாவின் பந்தயம் இதற்குத்தான். மூன்று நாளில் ஒரு சின்ன கேமைச் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். ஞாயிறு மாலை ஐந்தரைக்குக் கதவு சாத்திவிடுவார்கள். கொடுத்த தலைப்பு 'கூட்டம்'. கல்லூரித் தோழியின் மயிலாப்பூர் வீட்டில், சாப்பாட்டு மேசையில் இரண்டு லேப்டாப்பை விரித்தோம். புரோகிராம் எழுதுவது அவள், படம் வரைவது நான்.

எங்கள் கேம் இவ்வளவுதான்: பெரிய கட்டைப் பையோடு ஒரு பெண், தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் இடிபட்டு மிதிபட்டு மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயிலில் ஏறுகிறாள். திரையில் அவளுடைய அகலம் பதினாறு பிக்சல் புள்ளி, உயரம் பதினாறு புள்ளி. அதில் முகத்துக்குக் கிடைத்தது நாலே நாலு. ஒரு புள்ளியை நகர்த்தினால் அழுகிறாள், பக்கத்துப் புள்ளியை நகர்த்தினால் கொட்டாவி விடுகிறாள். வெள்ளிக்கிழமை முழுக்க அந்த மூஞ்சியோடு மல்லுக்கட்டினேன். சனிக்கிழமைக்குள் தெருவும் கூட்டமும் தயார். ரயில் மட்டும் பாக்கி.

அந்த ரயில்தான் உயிரை வாங்கியது. ஞாயிறு மதியம் அது பிளாட்பாரத்துக்குள் நுழைந்ததுமே கேம் அப்படியே உறைந்துவிடும். தோழி திருத்துவாள், மறுபடி உறையும். நாலேகாலுக்கு அப்பா போன் செய்தார்.

"முடிச்சாச்சா?"

"அஞ்சரை வரைக்கும் நேரம் இருக்குப்பா."

"ஏட்டி, இன்னைக்கு நாலரைக்கு மேல ராகு காலம்லா? அதுக்குள்ள ஆரம்பிச்சிரு."

வெளியூர் கிளம்பும் நேரத்தில் ராகு காலம் வந்தால் அப்பா முன்கூட்டியே ஒரு பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். நான் எத்தனையோ தரம் அதைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் நாலு தடவை தோற்றவளுக்கு ஐந்தாவது தடவை எல்லாவற்றின் மேலும் பயம் வந்துவிடுகிறது.

"நேத்து வெச்சிருந்ததை இப்பவே ஏத்திடலாமா? சும்மா ஆரம்பிச்ச மாதிரி. ரயில் சரியானதும் மாத்திக்கலாம்" என்றேன்.

தோழி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டி, நீயா பேசறே? எங்காத்துலகூட இவ்வளவு பார்க்கறதில்லை." பிறகு, "சரி, போட்டுத் தொலை" என்றாள்.

நாலு இருபத்தாறுக்கு, ரயிலே இல்லாத சனிக்கிழமைப் பதிப்பை ஏற்றினேன். மனசு லேசானது உண்மை.

ஐந்து மணி தாண்டிச் சில நிமிடத்தில் ரயில் வந்தது. உறையவில்லை. நின்றது, கட்டைப் பைக்காரி ஏறினாள், வண்டி கிளம்பியது. நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் தோழியின் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். எட்டு மாதத்தில் நான் முடித்த முதல் காரியம். மாற்றி ஏற்றுவதற்காக போட்டியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். அதற்கான பொத்தானே அங்கே இல்லை.

விதிகளில் மூன்றாவது வரியிலேயே இருந்தது: ஒரு குழு ஒரு தடவைதான் ஏற்றலாம், பிறகு மாற்ற முடியாது. அதை நான் படிக்கவில்லை, அவளும் படிக்கவில்லை. நடத்துபவர்களுக்குக் கெஞ்சி எழுதினோம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான், மன்னிக்கவும் என்று உடனே பதில் வந்தது. கடிகாரத்தில் இன்னும் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. முடித்த கேமை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பத்து நிமிடமும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். "இன்னாம்மா, ஆஸ்பத்திரி எதுனா போவணுமா?" என்று டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போனால் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனில் அதே கேமை ஆடிக்கொண்டிருக்கிறார். நாலரைக்கு முன்னால் ஏற்றிய கையோடு நான்தான் பெருமையாக லிங்க் அனுப்பியிருந்தேன். கூட்டத்தில் நாலைந்து தரம் விழுந்து எழுந்து, எப்படியோ பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. வண்டி எப்பட்டி வரும்?"

"வராதுப்பா."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் திரையைத் தட்டிப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திறந்து முழுசாக முடித்ததைக் காட்டினேன். வண்டி வந்தது, அவள் ஏறினாள்.

"முடிச்சிருக்கியே! பின்ன இத ஏன் போடல?"

"நாலரைக்குள்ள ஆரம்பிக்கச் சொன்னீங்கல்ல. ஆரம்பிச்சேன். அதோட பூட்டிட்டாங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"படிப்புல என் பேச்சக் கேக்கல. வேலைய விடாதன்னேன், கேக்கல. இத மட்டும் ஏன்ட்டி கேட்ட?"

மறுநாள் திங்கட்கிழமை காலை அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானேதான் குளித்து, புடவை கட்டி, அவரோடு கடைக்குக் கிளம்பினேன். வேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை.