வலது பக்கத்தில் வீடு

மறையூரில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறையில் நெட் ஒரு கோடுதான் எடுக்கும். மேசையை ஜன்னலோரம் தள்ளிப் போட்டால் இரண்டு. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு இங்கிருந்தபடியே சாஃப்ட்வேர் பழுது பார்த்துக் கொடுக்கிறேன். முகம் காட்ட வேண்டிய மீட்டிங் என்றால் நெட்டைச் சாக்குச் சொல்லி கேமராவை அணைத்துவிடுவேன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

வருத்தம் வேறு. முதலமடையில் அப்பா விட்டுப்போன மாந்தோப்பில் என் பாதியை நான் விற்றேன். மருந்தடிக்கவும் காவலுக்கும் ஆள் தேடி அலைய என்னால் ஆகாது என்பது என் கட்சி. அக்கா வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. வாங்கியவர் ஒரே வாரத்தில் மரங்களை வெட்டி நிலத்தைச் சமன் செய்துவிட்டார். அன்றோடு அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு அவள் பாட்டுக்குத் தன் அறைக்குப் போய்விடுவாள். ஒரு மாதம் தாங்கினேன். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி இங்கே வந்துவிட்டேன்.

வந்த வேகத்தில் என் பழைய வேலை ஃபைல்கள் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டன. வெளியிலிருந்து அதற்குள் நுழைய ஒரு வழியை எப்போதோ போட்டு வைத்திருந்தேன். ஆனால் வீட்டுத் திரையைப் படமும் ஐகானுமாக இங்கே இழுத்துப் பார்க்க இந்த நெட் போதாது. ஒரு ஃபோல்டர் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் டெர்மினலில் ஓடும் ஒரு ஃபைல் மேனேஜரைப் போட்டுக்கொண்டேன். வெறும் எழுத்துதான், மவுஸ் தேவையில்லை. திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். இடது பக்கம் என் லேப்டாப், வலது பக்கம் முதலமடை வீடு. எஃப் ஐந்து விசையைத் தட்டினால் நகல் எடுக்கும். எஃப் ஆறு என்றால் அங்கிருந்து எடுத்து இங்கே வைத்துவிடும், அங்கே ஒன்றும் மிஞ்சாது. அரை நாள் உட்கார்ந்து கண்ணைக் குத்தும் நீல நிறத்தைக் கறுப்பாக்கினேன். புதிய ஃபைல் மேலே வரும்படி வரிசையை மாற்றினேன். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன்தான், சந்தேகமே வேண்டாம்.

என் ஃபைல்களை இரண்டு நாளில் எடுத்து முடித்திருக்கலாம். நாளுக்கு ஒன்றாக எடுத்தேன். எல்லாம் தீர்ந்த பிறகும் தினமும் நுழைந்தேன். காரணம், அங்கே ‘தோப்பு’ என்று அக்காவின் ஃபோல்டர் ஒன்று இருந்தது. அப்பா காலத்திலிருந்தே அவள் வரப்பில் நின்று மரங்களை ஃபோனில் படம் எடுப்பாள். சாயங்காலம் கேபிளை மாட்டி அதில் ஏற்றுவாள். நான் போட்டிருந்த டெர்மினலில் படம் தெரியாது. பெயர், அளவு, எடுத்த நேரம், அவ்வளவுதான். காலை ஆறே முக்காலுக்கு ஒரு படம் இருந்தால் அக்கா தன் பாதித் தோப்புக்குப் போய்வந்திருக்கிறாள் என்று அர்த்தம். நான்கு நாள் எதுவும் ஏறாவிட்டால் காய்ச்சலோ என்று எனக்கு வேலை ஓடாது. ஒரு ஃபோன் போட்டால் தெரிந்துவிடும். வீம்பு என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம், பயம் என்பதுதான் சரி.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. பக்கத்துக் கொட்டகையில் கரும்புச்சாறு காய்ச்சும் வாசனை வரும். மூணாறு பஸ் ஹாரன் அடித்துப் போகும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இங்கே ஒரு ஆள் கிடையாது. வீட்டுக்காரருக்கே நான் ‘மாடி ரூம்’தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெட்டுவதற்கு முன்னால் இருந்த தோப்பைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அக்காவின் ஃபோல்டருக்குள் போய் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து விசையைத் தட்டினேன். செய்யட்டுமா என்று கேட்டது. கேள்வியைப் படிக்காமல் என்டர் தட்டுவது என் பழைய வியாதி. நேரமாகும் என்று கடைவீதிக்குப் போய்விட்டேன்.

இருட்டும் நேரத்தில் வந்து பார்த்தால் பாதியில் இணைப்பு அறுந்து நின்றிருந்தது. திரை நடுவே இருந்த சிறு பெட்டியின் தலைப்பை அப்போதுதான் படித்தேன். நகல் அல்ல, இடமாற்றம். எஃப் ஆறைத் தட்டியிருக்கிறேன். மறுபடி இணைக்கப் பார்த்தேன், வீட்டிலிருந்து பதில் இல்லை. கரண்ட் போயிருக்கும், வந்ததும் கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்ளும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஃபோன் பண்ணினேன். இரண்டாவது ரிங்கில் அக்கா எடுத்தாள்.

“படம் ஏத்தலாம்னு உக்காந்தேன். கண்ணு முன்னால ஒவ்வொண்ணாக் காணாமப் போச்சு,” என்றாள். “பூராவும் போயிருமோன்னு ஆஃப் பண்ணி வெச்சிருக்கறேன். நீ எடுத்தயா?”

“நாந்தானுங்க்கா. காப்பி எடுக்கலாம்னு பாத்தேன். தெரியாம பக்கத்துப் பட்டனை அமுக்கிட்டேன்.”



“மரத்தையுந் தெரியாமத்தான் வித்தயா?”

அவள் குரலை உயர்த்தவில்லை. வெட்டிய அந்த மரங்கள் இருந்ததற்கு அவளிடம் மிச்சம் இருந்தது அந்தப் படங்கள்தான். திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். “கம்ப்யூட்டரைப் போட்டு வுடறேன், அனுப்பு,” என்று வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு ஆரம்பித்தது, முடிய நாலு ஆனது. ஒவ்வொரு என்டருக்கும் முன்னால் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. நாலரைக்கு அவளே கூப்பிட்டாள்.

“எல்லாம் வந்துருச்சு, பாத்துட்டேன். உன்ற ஃபைலு ஏதாச்சும் இங்க பாக்கி இருக்குதா?”

பொய் சட்டென்று வரவில்லை. “இல்லீங்க்கா. அதெல்லாம் அப்பவே எடுத்துட்டேன்.”

“அப்பச் சரி, ஆஃப் பண்ணிர்றேன். உனக்கு வேணுமேன்னுதான் கரண்டு போயிட்டு வர்றப்பெல்லாம் போய்ப் போட்டு வுட்டுட்டு இருந்தேன்.”

ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினாலே பொறுக்காதவள் அவள். எட்டு மாதமாக எனக்காக அந்தக் கம்ப்யூட்டரை அணையவிடாமல் வைத்திருந்திருக்கிறாள். அணைக்காதீங்க்கா, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சரிங்க்கா என்றுதான் வாயில் வந்தது.